கடலை போடுதல் – கடிதம்

அன்புள்ள அக்கா,

பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோவைக்குப் படிக்க வந்தவள் நான். முதல் வாரம் விடுதியில் அவரவர் வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். என் முறை வந்தபோது, "ஊர்ல இப்ப அப்பாவும் அம்மாவும் கடலை போடறாங்க" என்றேன். அறையே சிரித்தது. ஏன் என்று அப்புறம்தான் உறைத்தது. அன்றிலிருந்து "நிலக்கடலை சாகுபடி" என்றுதான் சொல்கிறேன். கொச்சைப் பேச்சு நல்ல சொற்களை இப்படிக் கெடுத்துவிட்டால், நாம் வேறு சொல் தேடிக்கொள்ள வேண்டியதுதானா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

வேண்டாம். சாகுபடி என்பது படிவத்தில் எழுதுகிற சொல். உங்கள் அம்மா செய்கிற வேலைக்குப் பெயர் கடலை போடுவதுதான்.

அந்தப் "போடு" சும்மா வந்ததில்லை. ராகியையும் சாமையையும் கை வீசித் தூவிவிடலாம். கடலையை அப்படித் தூவ முடியாது. ஏர் முன்னால் சால் விட்டுக்கொண்டு போக, பின்னால் வருகிற பெண் மடியிலிருந்து பருப்பை எடுத்து ஒவ்வொன்றாகச் சாலில் போட்டுக்கொண்டே நடப்பாள். செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். அந்த அளவு அவள் விரலுக்குத் தெரியும். குனிந்தபடி நாள் முழுக்க நடந்துவிட்டு வந்து, இரவில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிற அம்மாவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாகுபடி என்ற சொல்லில் அந்த இடுப்பு வலி இல்லை.

சரி, கல்லூரிக் கடலைக்கு வருவோம். ஆணும் பெண்ணும் நேரம் போவது தெரியாமல் பேசிக்கொண்டிருப்பதைக் கடலை போடுவது, கடலை வறுப்பது என்கிறார்கள். யார் தொடங்கி வைத்தார்களோ, எனக்கு அதில் நம் வீட்டுத் திண்ணைதான் தெரிகிறது. விதைக்கு வைத்த காயைக் கையால்தான் உடைப்போம். பருப்பின் தோல் உரிந்துவிட்டால் சரியாக முளைக்காது என்பதால் அவசரப்படவும் முடியாது. முறத்தைச் சுற்றி நாலு பெண்கள் உட்கார்ந்தால் ஊர்க்கதை முழுக்க வந்துவிடும். கடலையும் பேச்சும் ஒன்றாக இருக்கிற இடம் அது. அதனால் இந்தக் கொச்சை மேல் எனக்குக் கோபம் இல்லை.

கோபம் வேறொன்றில். பாடத்தில் சந்தேகம் கேட்க ஒரு பையனோடு பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் நின்றாலும் அந்தப் பெண் கடலை போடுகிறாள் என்று சொல்லிவிடுகிறார்கள். தருமபுரி மாதிரி ஊரில் அந்தப் பேச்சு வீடு வரை போகும், அவள் படிப்பே நின்றுபோகலாம். கெடுதல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

மற்றபடி கடலை என்ற சொல் இதைவிடப் பெரிய மாற்றத்தையே தாங்கியிருக்கிறது. பழைய கடலை கொண்டைக்கடலைதான். கடலைப்பருப்பு, கடலை மாவு, பொட்டுக்கடலை எல்லாம் இன்றைக்கும் அதிலிருந்துதான் வருகின்றன. நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. கடல் கடந்து வந்து அந்தப் பெயரையே வாங்கிக்கொண்டது. அதனால்தான் கடலை மாவு ஒரு செடியிலிருந்தும் கடலை எண்ணெய் இன்னொரு செடியிலிருந்தும் கிடைக்கின்றன. யாராவது குழம்புகிறோமா? பஜ்ஜி போடும்போது எந்தக் கடலை என்று கேட்பதே இல்லை. உங்கள் அறைத் தோழிகளுக்கும் இரண்டு பொருளும் பழகிவிடும். ஒன்றை அவர்கள் இதுவரை கேட்டதில்லை, அவ்வளவுதான்.

ஆடியில் போட்டது ஐப்பசியில் பிடுங்க வரும். தீபாவளிக்கு ஊருக்குப் போனால், திரும்பும்போது பச்சைக் காயாகவே ஒரு பை எடுத்து வாருங்கள். விடுதியில் உப்புப் போட்டு அவித்துக்கொள்ளலாம். உரித்துத் தின்றுகொண்டே சால், ஏர், அம்மாவின் மடி எல்லாவற்றையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.