ஆர்டுயினோ ஊனோ போர்டில் 1 ஹெர்ட்ஸ் பிடபிள்யூஎம் (ஆன்-ஆஃப் துடிப்பில் ஆன் நேரத்தைக் கூட்டிக் குறைப்பது) எடுக்க முடியுமா? அதற்கான அனலாக்ரைட் கட்டளை 490 ஹெர்ட்ஸிலேயே நிற்கிறதே!

முடியும். அனலாக்ரைட்டை மறந்துவிட்டு சிப்புக்குள் இருக்கும் டைமர்1-இன் ரெஜிஸ்டர்களில் (அதன் அமைப்பை வைத்திருக்கும் நினைவிடங்கள்) நேரடியாக எழுத வேண்டும்.

எனக்கு இது தேவைப்பட்டது முட்டை இன்குபேட்டருக்காக. 230 வோல்ட் ஹீட்டர், நடுவில் ஜீரோ கிராசிங் வகை எஸ்எஸ்ஆர் (அசையும் பாகமில்லாத மின்னணு ரிலே). மின்னழுத்தம் சுழியைத் தொடும்போதுதான் அது ஆன் ஆகும். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அந்த வாய்ப்பு 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை. 490 ஹெர்ட்ஸ் கொடுத்தால் எந்தத் துடிப்பு சுழியில் மாட்டும் என்பது லாட்டரிதான். 1 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 100 அரைச் சுழற்சிகள் கிடைக்கின்றன, அதாவது ஒரு சதவீத நுணுக்கம். ஹீட்டருக்கு அது தாராளம்.

திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் மில்லிஸ் (ஓடிய நேரத்தைச் சொல்லும் கட்டளை) வைத்துச் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். முதலில் அதைத்தான் செய்தேன். டிஎஸ்18பி20 சென்சார் 12 பிட்டில் ஒரு வெப்பநிலை எடுக்க 750 மில்லிசெகண்ட் வரை ஆகும். நான் பயன்படுத்திய லைப்ரரி அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஒரு நொடிச் சுற்றில் முக்கால் நொடி அதிலேயே போனால் 20 சதவீதம் எங்கே, 30 சதவீதம் எங்கே?

சரி, கணக்குக்கு வருவோம். ஊனோவின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். ப்ரீஸ்கேலர் (கடிகாரத்தை வகுக்கும் எண்) 256 வைத்தால் டைமர் நொடிக்கு 62,500 எண்ணும். டைமர்1 16 பிட், 65,535 வரை போகும் என்பதால் இது உள்ளே அடங்கிவிடுகிறது. எண்ணிக்கை 0-இலிருந்து தொடங்குவதால் உச்சம் 62,499. அதை ஐசிஆர்1 ரெஜிஸ்டரில் வைக்கும் ஃபாஸ்ட் பிடபிள்யூஎம் (உச்சம் வரை எண்ணி மறுபடி 0-இலிருந்து தொடங்குவது), அதாவது மோட் 14, உங்களுக்கு ஏற்றது. 9-ஆம் பின்னை அவுட்புட் ஆக்குங்கள். மோடையும் ப்ரீஸ்கேலரையும் அமைக்க டிசிசிஆர்1ஏ = 130, டிசிசிஆர்1பி = 28, அப்புறம் ஐசிஆர்1 = 62499, கால் பங்கு ஆன் வேண்டுமானால் ஓசிஆர்1ஏ = 15624. மோடை அமைத்த பிறகுதான் ஐசிஆர்1-இல் எழுத வேண்டும்.

இங்கே ஒரு முழு மாலை எனக்கு வீணானது. இணையத்தில் பார்த்த மாதிரி, 'அல்லது-சமம்' (|=, பழைய பிட்களை அழிக்காமல் புதியதைச் சேர்ப்பது) போட்டு பிட்களைச் சேர்த்தேன். ஆர்டுயினோ, நம் செட்டப் பகுதி ஓடுவதற்கு முன்பே டைமர்1-ஐத் தன் வசதிக்கு அமைத்து, ப்ரீஸ்கேலரை 64-இல் வைத்திருக்கும். அதன் மேல் 256-க்கான பிட்டையும் சேர்த்தால் மூன்று கடிகார பிட்களும் 1 ஆகிவிடும். அதற்குப் பொருள் 'வெளியிலிருந்து வரும் கடிகாரம்'! வெளியே ஒன்றும் இணைக்காததால் டைமர் அசையவே இல்லை. நானோ எஸ்எஸ்ஆரைச் சந்தேகப்பட்டு இரண்டாவது ஒன்று வாங்கிவந்தேன். ஆகவே சேர்க்காதீர்கள், முழு மதிப்பையும் எழுதுங்கள்.

ஓசிஆர்1ஏ-வை 0 ஆக்கினாலும் வெளியீடு முழுதாக அணையாது. சுற்றுக்கு 16 மைக்ரோசெகண்ட் துடிப்பு ஒன்று வரும். முழுக்க அணைக்க டிஜிட்டல்ரைட்டில் லோ கொடுங்கள், அது பிடபிள்யூஎம்மை 9-ஆம் பின்னிலிருந்து கழற்றிவிடும். திரும்ப வேண்டும்போது டிசிசிஆர்1ஏ-வில் மறுபடி 130. செர்வோ லைப்ரரியும் இதே டைமரைத்தான் பிடித்துக்கொள்ளும், இரண்டும் ஒன்றாக ஓடாது.

இன்னும் மெதுவாக வேண்டுமா? ப்ரீஸ்கேலர் 1024-இல் ஒரு சுற்று அதிகபட்சம் 4.19 நொடி, ஃபேஸ் கரெக்ட் மோடில் (மேலே எண்ணிவிட்டுக் கீழேயும் எண்ணுவது) அதைப்போல் இரு மடங்கு. அதற்கும் மேல் என்றால் மில்லிஸே போதும், அங்கே சில மில்லிசெகண்ட் பிசகினால் குடி முழுகிவிடாது.

ஒரு விஷயம் மட்டும் கவனம். ப்ரோக்ராம் எங்காவது தொங்கிப்போனாலும் டைமர் பாட்டுக்கு ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். வாட்ச்டாகை (ப்ரோக்ராம் தொங்கினால் சிப்பை ரீசெட் செய்யும் தனி டைமர்) இயக்கி வையுங்கள். ரீசெட் ஆனதும் 9-ஆம் பின் இன்புட்டாக மாறி எஸ்எஸ்ஆர் அணைந்துவிடும். எஸ்எஸ்ஆரே ஷார்ட் ஆகிவிட்டால் வாட்ச்டாகாலும் பயனில்லை, அதற்கு ஹீட்டரோடு தொடரில் ஒரு தெர்மல் ஃப்யூஸ் (அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்துவிடுவது).