காயாத பச்சை மரக் கைவினைப் பொருட்கள்: கண்காட்சியில் எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: இங்கிலாந்தின் சசெக்ஸில் நடந்த கோடைக் கண்காட்சியில் ஒருவர் ஹேசல் என்ற மரத்தின் கம்புகளைப் பிளந்து வேலிப் படல் பின்னிக்கொண்டிருந்தார். தோட்டத்தின் ஓரம் 36 அடிக்கு வேலி வேண்டும். இதே அளவுப் படல் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. கூடுதல் பணம் கொடுப்பதில் பயன் உண்டா? எத்தனை வருஷம் வரும்?

பதில்: உண்டு. ஆனால் அது கையால் பின்னிய படல்தானா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். நம் ஊர் ஆட்டுப்பட்டிக்குக் கட்டுகிற படலும் இதுவும் ஒரே குடும்பம். இங்கிலாந்திலும் இது ஆட்டுக்குத்தான் பின்னப்பட்டது. கரும்பில் மறுதாம்பு விடுவதுபோல, ஹேசல் மரத்தைத் தரையோடு வெட்டிவிட்டால் கட்டையிலிருந்து நேர்நேராகக் கம்புகள் கிளம்பும். 7 முதல் 10 வருஷத்தில் அவை படலுக்கு ஏற்ற பருமனுக்கு வந்துவிடும்.

முதலில் படலின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். கைதேர்ந்தவர் பின்னியதில், பிளந்த கம்பு ஓரக் குச்சியைச் சுற்றும் இடத்தில் கயிறுபோல முறுக்கப்பட்டு, நார் நாராகப் பிரிந்து, ஒடியாமல் திரும்பி உள்ளே போயிருக்கும். மலிவான படலில் பிளக்காத மெல்லிய குச்சிகளை ஓரத்தோடு நறுக்கி, ஆணியோ கம்பியோ போட்டிருப்பார்கள். குச்சி காய்ந்து சுருங்கியதும் பிடி விட்டுப்போகும். ஒரே குளிர்காலக் காற்றில் உருவிக்கொண்டு வந்துவிடும்.

அடுத்து, அவர் எதன்மேல் வைத்துப் பின்னுகிறார் என்று கவனியுங்கள். தரையில் கிடக்கும் கட்டை லேசாக வில்போல வளைந்திருக்கும். துளைகளில் பெரும்பாலும் பத்துக் குச்சிகள் நிற்கும். வளைவாகப் பின்னிய படலை நிமிர்த்தும்போது பின்னல் இறுகுகிறது. கண்ணெதிரே வேலை நடப்பதால் இதையெல்லாம் நீங்களே சரிபார்க்கலாம். கடையில் அது முடியாது.

"கம்பு எப்போது வெட்டியது?" என்று கட்டாயம் கேளுங்கள். இலை உதிர்ந்த பிறகு, அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வெட்டியிருக்க வேண்டும். கோடையில் வெட்டிய கம்பில் சாறு இருக்கும். பட்டை சீக்கிரம் உரியும், பூச்சி அரிக்கும்.

ஹேசல் மண்ணில் பட்டால் மக்கிவிடும். படலின் அடி தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது உயர்ந்து நிற்கட்டும். தூண்களுக்கு ஹேசல் வேண்டாம். பிளந்த செஸ்ட்நட் மரம் கேளுங்கள், அதன் வைரம் பாய்ந்த உள்மரம் மண்ணில் நின்று பிடிக்கும். ஆறடிப் படல் ஆறுக்கு ஏழு தூண். ஒவ்வொன்றும் எட்டடி நீளம், அதில் இரண்டடி மண்ணுக்குள். துத்தநாகம் பூசிய கம்பியால் மேலும் கீழும் கட்டுங்கள். ஐவி கொடியை ஏற விடாதீர்கள். பாரமும் ஈரமும் சேர்ந்து படலைத் தின்றுவிடும். இப்படி வைத்தால் எட்டுப் பத்து வருஷம் எதிர்பார்க்கலாம்.

ஆறடிப் படல் காரில் ஏறாது. பிறகுதான் வந்து சேரும். ஆகவே அளவு, மரம், வெட்டிய பருவம், கொண்டுவந்து தரும் தேதி எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு காக்கும்: பொருள் வராவிட்டால் கார்டு நிறுவனமும் பொறுப்பு. ஆனால் ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000-க்குள் இருக்க வேண்டும். படல் ஒன்று 90 பவுண்டு என்று தனித்தனியாக விலை போட்டிருந்தால், ஆறு வாங்கினாலும் இந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது.

கேள்வி: கண்காட்சியில் வாங்கிய மரக்கரண்டி மூன்று வாரத்தில் வெடித்துவிட்டது. "மரம் என்றால் அப்படித்தான்" என்கிறார் விற்றவர். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப்பணமும் பெறலாம். குறை முதலிலேயே இருந்தது என்று காட்டும் பொறுப்பு அந்த 30 நாளில் உங்களுடையது. உடனே படம் எடுத்துவையுங்கள். வெடிப்பு கம்பின் நட்டநடுவிலுள்ள மென்மையான சோற்றிலிருந்து கிளம்புகிறதா என்று பாருங்கள். சோற்றை விலக்காமல் செதுக்கினால் காயும்போது அங்கேதான் கீறும். அது செய்தவரின் பிழை. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டிருந்தாலோ ஹீட்டர்மேல் வைத்திருந்தாலோ பிழை உங்களுடையது. பச்சை மரத்தில் கடைந்த கிண்ணம் காய்ந்ததும் சற்று நீள்வட்டமாவது குறையே அல்ல.

மனம் மாறினால் 14 நாளில் திருப்பலாம் என்பது இணையத்தில் வாங்கியதற்கு. ஸ்டாலில் நேரில் வாங்கியதற்குப் பொதுவாகக் கிடையாது.

எண்ணெய் பூசுவதானால் உணவுக்கு ஏற்ற பச்சை ஆளிவிதை எண்ணெய் போதும். வன்பொருள் கடையில் "பாயில்ட்" என்று விற்பது உலர்த்தும் உலோக உப்புகள் கலந்ததாக இருக்கும். சாப்பாட்டுச் சாமானில் படக்கூடாது. வால்நட் எண்ணெய் பூசியதா என்று, கொட்டை ஒவ்வாமை உள்ள வீட்டார் வாங்குமுன்பே கேட்டுவிட வேண்டும்.

கேள்வி: உள்ளூர்க் காட்டு அடுப்புக்கரி நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள், கண்ணாடிபோலக் கிணுங்கினால் நன்றாக வெந்தது. பழுப்பாக, கனமாக இருந்தால் உள்ளே வேகாத மரம், புகையும். நல்ல கரிக்குப் பற்றவைக்கும் திரவம் தேவையில்லை.

கேள்வி: நானும் மகளும் கரண்டி செதுக்கப் பழகியிருக்கிறோம். அடுத்த கோடையில் ஸ்டால் போட்டு, செய்தும் காட்டலாம் என்றிருக்கிறோம்.

பதில்: நல்ல முடிவு. விண்ணப்பத்தோடு பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் ஆபத்து மதிப்பீட்டுத் தாளும் கேட்பார்கள். 50 லட்சம் பவுண்டுக் காப்பீடு கேட்பது வழக்கம். கோடரியால் செதுக்கும் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். குழந்தைகள் கயிற்றுக்கு அடியில் நுழைவார்கள். ஒருவர் செதுக்கும்போது மற்றவர் கண் கூட்டத்தின்மேல் இருக்க வேண்டும்.

முழுக் கரண்டியைச் செதுக்கி முடிக்கும்வரை கூட்டம் நிற்காது. பிளந்த துண்டு, கோடரியால் உருக்கொடுத்தது, காய்ந்து முடிந்தது என மூன்றையும் மேசையில் அடுத்தடுத்து வையுங்கள். கால் மணி நேரத்தில் ஏதாவது ஒரு கட்டத்தை முடித்துக் காட்டுங்கள். பிடித்துப் பார்க்க ஒரு கரண்டியைக் கையில் கொடுங்கள். விலைச்சீட்டு ஒவ்வொன்றிலும் இருக்கட்டும். விலை கேட்கக் கூச்சப்பட்டே பலர் நகர்ந்துவிடுவார்கள்.

செதுக்குக் கத்தியும் விற்பதானால் 18 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பது குற்றம். சந்தேகம் வந்தால் அடையாள அட்டை கேளுங்கள். மரப் பொம்மை விற்க யுகேசிஏ அல்லது சிஇ பாதுகாப்பு முத்திரை வேண்டும், ஒன்றிரண்டு செய்தாலும்.

கட்டைகளை முழுசாகக் கொண்டுபோங்கள். முனைகளில் மெழுகு பூசி, நனைத்த சாக்கைப் போர்த்தி நிழலில் வையுங்கள். பிளந்து எடுத்துப்போனால் வெயிலில் மதியத்துக்குள் முனை கீறிவிடும். காய்ந்த மரத்தில் கத்தி வழுக்கும், கை வெட்டுப்படுவதும் அப்போதுதான்.