பூட்டியிருந்தா, சாவி யாருகிட்டன்னு கேளுங்க

அன்புள்ள அக்கா,

போன மாசம் குடும்பத்தோட கார்ல பூம்புகார், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி மூணும் ஒரே நாள்ல பாத்துட்டு வந்தோம். பூம்புகார்ல சிலப்பதிகாரக் கலைக்கூடம் தவிர பழசுன்னு ஒண்ணும் இல்ல. தரங்கம்பாடி கோட்டை நல்லா இருந்துச்சு, நிறைய போட்டோ எடுத்தோம். தமிழ்ல முதல் புத்தகம் அச்சடிச்ச ஊராச்சேன்னு அந்த சர்ச்சுக்குப் போனோம், பூட்டியிருந்துச்சு, திரும்பிட்டோம். கடலோரக் கோயில் ரொம்பச் சின்னதா இருக்கு. அங்க ஓசோன் காத்து வீசுதுன்னு சொல்றாங்களே, உண்மையா? அடுத்த தடவ ரெண்டு நாள் ஒதுக்கலாம்னு இருக்கோம். எதை முதல்ல பாக்கறது, பசங்க குளிக்க எந்த பீச் நல்லது, சொல்லுங்க.

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

அன்புள்ள தம்பி,

உங்க கடிதத்துல நாலஞ்சு கேள்வி இருக்கு, ஆனா எனக்குக் கண்ணுல நிக்கறது ஒரே ஒரு வரிதான். "பூட்டியிருந்துச்சு, திரும்பிட்டோம்." ரெண்டு வாரமா அப்பாவோட பழைய பொட்டிய ஒழிச்சுட்டு இருக்கேன், அடியில துணி சுத்தி அவரோட காம்போசிங் ஸ்டிக், அதான் ஈய எழுத்தை வரிசையா கோக்கற கைத்தட்டு, இருந்துச்சு, அதைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்த அன்னிக்குத்தான் உங்க கடிதம் வந்துச்சு. அதனாலதான் பதில் எழுதறேன்.

சின்ன விஷயங்களை முதல்ல முடிச்சுடறேன். ஓசோன் கதைய விட்டுடுங்க. ஓசோன் இருக்க வேண்டியது வானத்துல உயரத்துல, நாம மூச்சு விடற காத்துல அது அதிகமானா நுரையீரலுக்குக் கெடுதல். தரங்கம்பாடியில நல்ல கடல்காத்து வருது, அது போதாதா? அப்புறம் கலைக்கூடம், அது 1973ல கட்டினது தம்பி. அதைப் பழசுன்னு பாத்துட்டு, பூம்புகார் பக்கத்துல கீழையூர்ல மண்ணத் தோண்டி எடுத்த செங்கல் படகுத்துறைய விட்டுட்டு வந்திருக்கீங்க. படகு கட்ட நட்ட மரத்தூண் அங்க மண்ணுக்குள்ளயே நின்னுட்டு இருந்துச்சு, கிறிஸ்து பிறக்கறதுக்கும் முன்னாடி கட்டின துறை அது. அங்கயே பல்லவனேச்சுரத்துல புத்த விகாரத்தோட அடித்தளமும் இருக்கு. பூம்புகாரப் பத்தித் தனியா எழுதணும், இங்க வேண்டாம்.

தமிழ்ல முதல்ல அச்சடிச்ச ஊர் தரங்கம்பாடி இல்ல, இதை யார் சொன்னாலும் நம்பாதீங்க, பசங்களுக்கும் அப்படிச் சொல்லிக் குடுத்துடாதீங்க. 1578லயே கேரளாவுல கொல்லத்துல 'தம்பிரான் வணக்கம்'ங்கற கிறிஸ்தவப் புத்தகம் தமிழ் எழுத்துல அச்சாயிடுச்சு. தரங்கம்பாடியில அச்சு வேலை ஆரம்பிச்சது அதுக்கப்புறம் 130 வருஷத்துக்கு மேல ஆகி. அந்த ஊரோட பெருமை வேற, அதுக்குத்தான் வர்றேன்.

எங்கப்பா முப்பது வருஷத்துக்கு மேல பிரஸ்ல ஈய எழுத்தை ஒண்ணொண்ணா எடுத்து அச்சுக்கோக்கற வேலை பாத்தவர். ஈய எழுத்தே தேவைப்படாத ஆஃப்செட் அச்சு வந்ததும் அவர் இருந்த பிரஸ்ஸ மூடிட்டாங்க. வீட்டுல சும்மா உக்காந்திருந்தவர் ஒருநாள் திடீர்னு "தரங்கம்பாடி போலாமா"ன்னார். எனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு, அவர்கூட வர வேற யாரும் இல்லாததால நான் போனேன். மயிலாடுதுறை வந்து பஸ் மாறி, நல்ல உச்சி வெயில்ல ஊர் வாசலைத் தாண்டி ராஜா தெருவுல நடந்து புதிய எருசலேம் ஆலயத்துக்கு வந்தா, கதவு பூட்டியிருக்கு. உங்களுக்கு நடந்த அதே கதைதான். நானும் நீங்க செஞ்சதத்தான் சொன்னேன், சரிப்பா, வெளியிலயே பாத்தாச்சு, கோட்டைக்குப் போயிடலாம்.

அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல. பக்கத்துல ஒரு வீட்டு வாசல்ல முருங்கைக்கீரை உருவிட்டு இருந்த அம்மாகிட்ட போயி, "ஏம்மா, கோயில் சாவி யாருகிட்ட இருக்கு?"ன்னு கேட்டார். அந்தம்மா ஆச்சரியமே படல, "சாப்பிடப் போயிருக்காரு, இப்படி நிழல்ல உக்காருங்க"ன்னு சொல்லிட்டு ஒரு சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. முக்கால் மணி நேரம் உக்காந்தோம், நான் எரிச்சலோட, அவர் சந்தோஷமா. சாவிக்காரர் ஈரக் கையை வேட்டியில தொடச்சுக்கிட்டே வந்தார்.

அங்க ஞாயித்துக்கிழமை ஜனங்க வந்து ஆராதனை நடக்குது. 1718ல பிரதிஷ்டை பண்ணி இன்னிக்கும் புழக்கத்துல இருக்கற கோயில், டிக்கெட் குடுத்து நாளெல்லாம் தொறந்து வைக்கற மியூசியம் கிடையாது. புழங்கற வீட்டுக்குப் பூட்டு இருக்கும், பூட்டு இருந்தா சாவி ஒரு ஆள்கிட்ட இருக்கும், அந்த ஆளுக்குச் சாப்பாட்டு நேரம் தூக்க நேரம் எல்லாம் இருக்கும். இதுகூடத் தெரியாம எத்தனை பேர் நூறு இருநூறு கிலோமீட்டர் கார் ஓட்டிட்டு வந்து கதவை ஒரு தள்ளு தள்ளிப் பாத்துட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிடறீங்க! கேக்கறதுக்கு அவ்வளவு கூச்சமா? காசா பணமா? கோபமா வருது தம்பி, உங்க மேல மட்டும் இல்ல, அன்னிக்கு இருந்த என் மேலயும்.

உள்ள பலிபீடத்துக்குப் பக்கத்துலதான் சீகன்பால்கு அடக்கமாகியிருக்கார், தரங்கம்பாடியில அச்சு வேலைய ஆரம்பிச்ச ஜெர்மன் பாதிரியார். 1706 ஜூலை 9ந்தேதி கப்பல விட்டு இறங்கறப்ப அவருக்கு 24 வயசு முடிய ஒருநாள் பாக்கி. தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்துப் பொடிப் பசங்களோட மணல்ல உக்காந்து விரலால எழுதிக் கத்துக்கிட்ட மனுஷன். செத்துப்போனது 1719ல, 36 வயசுல. நீங்க போட்டோ எடுத்தீங்களே டான்ஸ்போர்க் கோட்டை, டென்மார்க்கிலருந்து வந்த டேனிஷ்காரங்க 1620ல கட்டினது, அதுக்குள்ளதான் அவரை நாலு மாசம் அடைச்சு வச்சிருந்தாங்க, டேனிஷ் ராஜா அனுப்பின ஆளை டேனிஷ் அதிகாரியே! நம்ம ஊர் சாமிகளப் பத்தி அவர் எழுதி 1713ல ஜெர்மனிக்கு அனுப்பின புத்தகத்தை, உன்னை அனுப்பினது இதுக்காகவான்னு கேட்டு ஓரங்கட்டிட்டாங்க. அது அச்சுல வந்தது 1867ல, நம்ம மெட்ராஸ்ல.

அப்பாவுக்கு இதெல்லாம் பெருசா படல. அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, "டைப்பு எங்க வார்த்தாங்க?" அப்பத்தான் சாவிக்காரர் அந்தக் கதைய சொன்னார். ஜெர்மனியில ஹாலேங்கற ஊர்ல வெட்டி அனுப்பின தமிழ் எழுத்து ரொம்பப் பெருசு, அதை வச்சுப் புதிய ஏற்பாட்டை அடிச்சா பேப்பர் கட்டுப்படியாகாது. அதனால இங்கயே சின்ன எழுத்தா வார்க்கணும்னு முடிவு பண்ணாங்க, ஈயத்துக்கு எங்க போறது? இங்கிலாந்துலருந்து வந்த பாலாடைக்கட்டிய ஈயத் தகட்டுல சுத்தி அனுப்புவாங்களாம், அந்தத் தகட்ட உருக்கி எழுத்து வார்த்தாங்களாம். பேப்பருக்குப் பக்கத்துல பொறையாறுலயே ஆலை வச்சாங்க. புதிய ஏற்பாடு 1715ல முழுசா அச்சாயிடுச்சு. ஓலைச்சுவடி காலத்துல, கடற்கரை ஊர்ல, பாலாடைக்கட்டி சுத்தின தகட்டுல நம்ம 'அ'வும் 'க'வும்!

அப்பா சிரிச்சார். பிரஸ் மூடினதுக்கு அப்புறம் நான் பாத்த முதல் சிரிப்பு. பெஞ்சுல உக்காந்து, இடது கையை ஸ்டிக் புடிக்கற மாதிரி மடக்கி வச்சுக்கிட்டு, சாவிக்காரருக்கு அச்சுக்கோத்துக் காமிச்சார். வலது கை காத்துல போச்சு, 'த' எந்த அறையில இருக்குமோ அங்க, அப்புறம் 'ர'வுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், எடுத்த எழுத்தைக் கட்டைவிரலால நெட்டித் தள்ளி, அடுத்தது. ஈயம் படிஞ்சு கறுத்த நகம். கடைசி எழுத்து வச்சதும் வரிய இறுக்கற மாதிரி விரலால ஒரு அழுத்து அழுத்தினார். தரங்கம்பாடி. கையில ஒரு ஈய எழுத்துகூட இல்லாம ஊர் பேர முழுசா கோத்துட்டார். அந்த மனுஷன் கண்ணெடுக்காம பாத்துட்டு, "ஐயா, இன்னொரு தடவ பண்ணுங்க"ன்னார்.

நான் மட்டும் போயிருந்தா கோட்டை முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு வந்திருப்பேன்.

சாவிக்காரர்தான் எங்கள மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் கூட்டிட்டுப் போனார். அது சின்னதுன்னு எழுதியிருக்கீங்க. சின்னதா கட்டல தம்பி, மிச்சத்தைக் கடல் எடுத்துக்கிச்சு. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல, 1306ல எழுந்த கோயில், டேனிஷ்காரங்க வந்து கோட்டை கட்டறதுக்கு முன்னூறு வருஷம் மூத்தது. அங்க வலை உலத்திட்டு இருந்த ஒரு பாட்டி கடலுக்குள்ள கைய நீட்டி, "என் சின்ன வயசுல அந்த அலை உடையுது பாருங்க, அது வரைக்கும் நடந்து போவோம்"னு சொன்னாங்க. அன்னிலருந்து எனக்கு அந்தக் கோயில் பாக்கறதுன்னா தண்ணியப் பாக்கறதுதான்.

சுனாமிக்கு அப்புறம் ஒரு தடவ போனேன். அந்தப் பாட்டியத் தேடணும்னு போனவ, யார்கிட்டயும் கேக்காமயே திரும்பிட்டேன். கேக்கற தைரியம் வரல.

பசங்க குளிக்கறதப் பத்திக் கேட்டிருந்தீங்க. தரங்கம்பாடியில தண்ணியில இறக்காதீங்க, கரையில கொட்டியிருக்கற பாறை வழுக்கும், மணல்ல விளையாடட்டும். எதை முதல்ல பாக்கறதுன்னு என்கிட்ட கேக்காதீங்க, ரெண்டு நாளும் தரங்கம்பாடியிலயே இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான். சீயோன் ஆலயத்தையும் பாருங்க, 1701ல கட்டினது, எதிரெதிர்லதான் இருக்கு ரெண்டும். மத்தியானம் போனீங்கன்னா பூட்டித்தான் இருக்கும். பக்கத்து வீட்டுல கேளுங்க, பசங்களையே கேக்கச் சொல்லுங்க. சாப்பிடப் போயிருக்கார்னு சொன்னா அவர் வர்ற வரைக்கும் உக்காருங்க.

அன்புடன்,
அக்கா