துணிக்கடைக்குப் போகும் முன் நாலு மணி வெயிலைப் பாருங்கள்

(வீட்டு அலங்காரம் குறித்த வாசகர் கேள்விகளுக்கு, உறையூரில் இருபத்திரண்டு வருடமாக ஸ்கிரீன் தைத்துக் கொடுக்கும் நம் பகுதி ஆசிரியை பதில் சொல்கிறார்.)

கேள்வி: இரண்டாவது மாடியில் ஃபிளாட் வாங்கிக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. ஹால் 10 அடிக்கு 16 அடி. மேற்கே ஐந்தடி அகல ஜன்னல். மாலை மூன்றரைக்கு மேல் ஹாலில் உட்காரவே முடியவில்லை. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் டிவி. வெளிச்சம் பட்டுப் படமும் தெரிவதில்லை. கெட்டியான கறுப்பு பிளாக்அவுட் ஸ்கிரீன் போட்டால் சரியாகுமா?
– வாசகி, மதுரை

பதில்: கறுப்பு மட்டும் வேண்டாம் அம்மா. கண்ணாடி வழியாக வெயில் உள்ளே வந்த பிறகுதான் ஸ்கிரீன் அதைப் பிடிக்கிறது. கறுப்புத் துணி அந்தச் சூட்டைக் குடித்துவிட்டு உங்கள் ஹாலுக்குள்ளேயே விட்டுக்கொண்டிருக்கும். நாலரை மணிக்கு அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தால் இஸ்திரி போட்ட சட்டை மாதிரிச் சுடும்.

ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு இருக்கிறதே என்று நினைப்பீர்கள். உச்சி வெயிலுக்குத்தான் அது பயன்படும். மாலையில் சூரியன் தாழ்ந்து வருவதால் வெயில் சன்ஷேடுக்கு அடியில் புகுந்துவிடும். அதுவும் சித்திரை முதல் ஆனி வரை சூரியன் நேர் மேற்கில் மறையாது, கொஞ்சம் வடக்கே தள்ளித்தான் மறையும். அதனால்தான் கோடையில் வடக்கு ஜன்னலில்கூடச் சாயங்கால வெயில் எட்டிப் பார்க்கிறது. மார்கழியில் அதே சூரியன் தென்மேற்கே போய்விடும். எனவே ஒருநாள் நாலு மணிக்கு ஹாலில் நின்று, வெயில் தரையில் எந்த டைல்ஸ் வரை வருகிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுப்பதுதான் நல்ல வழி. எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணையில் கோடை வந்தால் வெட்டிவேர் தட்டி தொங்கும். மத்தியானம் சொம்புத் தண்ணீரை அதில் தெளிக்கும் வேலை எனக்கு. உள்ளே வருகிற காற்று குளிர்ந்து, மண்வாசனையோடு வரும். மதுரையின் வறண்ட காற்றுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் உங்கள் வீடு இரண்டாவது மாடி, தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் துணியில் சொட்டும். அதனால் மூங்கில் தட்டி போடுங்கள், சுருட்டி ஏற்றி இறக்குகிற மாதிரி. வெளியே மாட்டுவதற்கு முன்னால் அசோசியேஷனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் உள்ளே ஸ்கிரீன். சந்தன நிறமோ வெளிர் பச்சையோ எடுத்து, கண்ணாடியைப் பார்க்கிற பக்கம் வெள்ளை லைனிங் வைத்துத் தையுங்கள். ஜன்னல் 60 அங்குலம். கம்பி இரண்டு பக்கமும் எட்டு அங்குலம் நீண்டிருந்தால்தான், திறக்கும்போது துணி கண்ணாடியை மறைக்காமல் சுவர்மேல் ஒதுங்கும். ஆக கம்பி 76 அங்குலம். துணி அதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேண்டும். நாலடி அகல ஸ்கிரீன் என்றால் குறைந்தது மூன்று, தாராளமாக நான்கு. ஐந்தடி ஜன்னலுக்கு இரண்டு போதும் என்று வாங்கி வந்து, இழுத்து மூடியதும் கொடியில் காயப்போட்ட வேட்டி மாதிரித் தட்டையாக நிற்பதைப் பார்த்து வருத்தப்படுகிறவர்கள் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள்.

பருத்தியாக எடுத்தால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்ட பிறகே வெட்டச் சொல்லுங்கள். தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஓர் ஆசிரியை வீட்டுக்குக் கைத்தறித் துணியை ஊறவைக்காமல் தைத்துக் கொடுத்தேன். முதல் துவைப்பிலேயே மூன்று அங்குலம் ஏறிவிட்டது. அந்த அம்மா கோபப்படவில்லை, எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வேறு துணியில் கரை வைத்து எல்லாவற்றையும் திரும்பத் தைத்துக் கொடுத்தேன். அதிலிருந்து ஊறாத பருத்தியில் நான் கத்தரி வைப்பதில்லை.

டிவி விஷயம் ஸ்கிரீனால் தீராது. ஜன்னலுக்கு எதிரே டிவி இருந்தால் வெளிச்சம் திரையில் அடிக்கும். ஜன்னல் பக்கமே வைத்தால் கண்ணில் அடிக்கும். அதை வடக்குச் சுவருக்கோ தெற்குச் சுவருக்கோ மாற்றுங்கள். எதிரே மூன்று பேர் உட்காரும் சோபா. ஹாலின் அகலம் 10 அடி, சோபா மூன்றடி எடுத்துக்கொண்டாலும் பார்க்க ஏழடி இருக்கிறது. ஜன்னலை ஒட்டிப் பெரியவர்கள் உட்காரும் நாற்காலியைப் போடாதீர்கள். காலையில் அங்கே சுகமாகத்தான் இருக்கும், மாலையில் முதுகு வெந்துபோகும்.

கேள்வி: வாடகை வீடு. சுவரில் ஆணியே அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். செலவும் அதிகம் செய்ய முடியாது. நாலடி ஜன்னலுக்கு என்ன செய்யலாம்?
– வாசகர், கோவை

பதில்: ஆணி இல்லாமல், ஜன்னல் குழிவுக்குள் இரு பக்கச் சுவருக்கும் நடுவே அழுத்தி நிறுத்துகிற ஸ்பிரிங் ராடு கடைகளில் கிடைக்கிறது. 9 அங்குலச் சுவர் என்றால் ராடு உட்காரத் தேவையான குழிவு இருக்கும். கனமான துணியை அது தாங்காது. அதனால் நான் சொல்வது, வீட்டில் இருக்கும் பழைய பருத்திப் புடவை. சின்னாளபட்டி சுங்குடி இருந்தால் இன்னும் நல்லது.

ஒரு புடவை சுமார் ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. ஆறடி ஆறடியாக மூன்று துண்டு வரும். மேலே கம்பி நுழைக்கவும் கீழே மடிக்கவும் எட்டு அங்குலம் போனாலும் ஐந்தடிக்கு மேல் உயரம் நிற்கும். முந்தானை இல்லாத இரண்டு துண்டுகள் உங்கள் நாலடி ஜன்னலுக்குச் சரியாக இருக்கும். புடவையின் நீளம் இப்போது உயரமாகிவிடுவதால், கரை இரண்டும் ஸ்கிரீனின் இரு ஓரத்திலும் மேலிருந்து கீழாக இறங்கும். அரக்குக் கரை போட்ட மஞ்சள் புடவையை இப்படி மாட்டிக் காலை வெயிலில் பாருங்கள். சுங்குடிப் புள்ளி ஒவ்வொன்றும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். மீதியுள்ள முந்தானைத் துண்டில் இரண்டு தலையணை உறை தைக்கலாம். உங்கள் அம்மாவின் புடவை என்றால் அவரிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள், தயவுசெய்து.

கேள்வி: படுக்கையறை 10க்கு 10. ஆறடி அகலக் கட்டில், பீரோ இரண்டும் வைக்க முடியுமா? இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. ரோலர் பிளைண்ட் போட ஆசை.
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முடியும், ஆனால் நெருக்கடி. கட்டிலின் நீளம் ஆறரை அடி, கால்மாட்டில் பீரோ ஒன்றரை அடி. நடுவில் மிஞ்சுவது இரண்டடி. மூன்றடி பீரோவின் ஒரு கதவு திறக்கவே ஒன்றரை அடி வேண்டும், திறந்தால் நீங்கள் நிற்க இடமில்லை. ஐந்தடி அகலக் கட்டிலாக வாங்கி ஒரு சுவரோடு ஒட்டிப் போட்டு, பீரோவைக் கால்மாட்டில் வைக்காமல் கட்டிலுக்குப் பக்கவாட்டுச் சுவரில் நிறுத்துங்கள். எதிரே மூன்றரை அடி கிடைக்கும்.

கட்டிலை ஜன்னலுக்குக் கீழே மட்டும் போடாதீர்கள். குழந்தை ஏறி கிரில்லைப் பிடித்து நிற்கும். ரோலர் பிளைண்டில் வளையமாகத் தொங்கும் கயிறோ மணிச்சரமோ குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது. இப்போதைக்கு வேண்டாம், சாதாரண ஸ்கிரீனே போதும். ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்றால் கயிற்றை இழுத்துச் சுவரில் விறைப்பாக மாட்டிவிட்டு, தொட்டிலையும் நாற்காலியையும் அங்கிருந்து தள்ளி வையுங்கள்.

கட்டில் வாங்கும் முன்னால் அதன் அளவுக்குத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, இரண்டு நாள் அழிக்காமல் விடுங்கள். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து போகும்போது அந்தக் கோட்டை எத்தனை முறை மிதிக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.