அவள் கையில் சாக்பீஸ் வேண்டாம், சாம்பல் வாளி கொடுங்கள்

கேள்வி: 1880களில் அமெரிக்காவின் டகோட்டா, நெப்ராஸ்கா புல்வெளிப் பகுதியில் வேலை பார்க்கும் இளம் ஆசிரியையைப் பற்றி நாவல் எழுதுகிறேன். கரும்பலகை முன் அவள் பாடம் நடத்துவதில் தொடங்கி, ஒரே பள்ளியில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெறுவதில் முடிகிறது. நம்பும்படி இருக்கிறதா? – ஒரு வாசகி

பதில்: தொடக்கம், முடிவு இரண்டுமே இடிக்கின்றன.

அந்த வேலை பருவக் கணக்கில் ஓடியது. ஊர்க்காரர்கள் அடங்கிய சிறு பள்ளிக் குழு, சில மாதங்களுக்கு மட்டும் ஒப்பந்தம் போடும். கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பகுதி) பள்ளிக் கண்காணிப்பாளர் வைக்கும் தேர்வில் தேறினால் சான்றிதழ். கடைசித் தரச் சான்றிதழ் சீக்கிரமே காலாவதியாகிவிடும், மறுபடி எழுத வேண்டும். சம்பளம் மாதம் 20, 30 டாலர். குழுவிடம் பணமில்லாவிட்டால் கடன் சீட்டுதான். அதைத் தள்ளுபடிக்கு விற்றுத்தான் காசாக்க முடியும். கல்யாணம் ஆனால் பெரும்பாலும் வேலை முடிந்தது. உங்கள் கதாநாயகி நாலைந்து பள்ளி மாறட்டும், மாணவர் வீடுகளில் தங்கட்டும்.

தொடக்கக் காட்சிக்கு இரும்பு அடுப்பைப் பிடியுங்கள். பிள்ளைகள் வருமுன் சாம்பலை அள்ளி நெருப்பு மூட்ட வேண்டியவள் அவள்தான். மரமில்லாத நாடு. ரயில் எட்டாத இடத்தில் நிலக்கரியும் அரிது. காய்ந்த புல்லை இறுக முறுக்கி எரிப்பார்கள், உலர்ந்த சாணமும் உண்டு. புல் முறுக்கு சட்டென்று எரிந்துவிடும், விடாமல் போட்டபடி இருக்க வேண்டும். இரவில் மை உறைந்துபோகும். அடுப்போரம் இருப்பவனுக்கு வேகும், சுவரோரம் இருப்பவனுக்கு விரல் மரக்கும். இடம் மாற்றி உட்கார வைப்பதே ஒரு வேலை.

பாடமும் நீங்கள் எழுதியபடி நடக்காது. ஐந்து வயதுக் குழந்தையும் மீசை அரும்பிய பையனும் ஒரே அறையில். ஒவ்வொரு பிரிவையும் முன்பெஞ்சுக்கு அழைத்து, சில நிமிடம் ஒப்பிக்கக் கேட்டு அனுப்புவாள். மற்றவர்கள் சிலேட்டில் கணக்குப் போடுவார்கள். பெரிய பையன்கள் குளிர்காலத்தில்தான் வருவார்கள், மற்ற நாளில் வயல் வேலை. அடங்காதவர்களும் அவர்களே.

பனிப்புயல் அத்தியாயம் வைப்பதானால், அந்தப் பகுதியைப் பெரும் பனிப்புயல் தாக்கிய 1888 ஜனவரி 12 பொருத்தமான நாள். நெப்ராஸ்காவில் மின்னி ஃப்ரீமன் என்ற ஆசிரியை, புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டிய பள்ளியின் கூரை பிய்ந்துபோனதும், பிள்ளைகளைப் பக்கத்துப் பண்ணை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பாற்றினார். அதே மாநிலத்தில் லோயிஸ் ராய்ஸ் என்ற ஆசிரியைக்குப் பள்ளியில் எரிபொருள் தீர்ந்தது. பக்கத்திலிருந்த வீட்டுக்குப் புறப்பட்டு வழி தவறினார். மூன்று பிள்ளைகள் இறந்தனர், அவர் தம் பாதங்களை இழந்தார். ஆகவே 'வெளியேறுவதா, இருப்பதா' என்ற முடிவை எரிபொருள் கணக்கோடு கோத்து எழுதுங்கள்.

ஒரு சின்னக் குறிப்பு: அன்று காலை வானிலை இதமாக இருந்தது. உங்கள் கதையின் பிள்ளைகளைத் தடித்த கோட்டு இல்லாமலே பள்ளிக்கு அனுப்புங்கள்.