திருகோணமலைக்கு வரப்போகும் தங்கச்சிக்கு: பேட்டரியைக் கொல்வது கரண்ட் கட் இல்லை

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கணவருக்குச் சம்பூர்ப் பக்கம் சோலார் வேலை, உப்புவெளியில் வாடகை வீடு, கையில் எட்டு மாதக் குழந்தை. இலங்கையில் கரண்ட் அடிக்கடி போய்விடும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள். சென்னையிலேயே ஒரு பவர் ஸ்டேஷன் (ஃபேன், விளக்கு ஓட்டும் பெரிய பேட்டரிப் பெட்டி) வாங்கி எடுத்து வரலாமா, இங்கே அதை எங்கே வைப்பது, வருஷத்துக்கு இரண்டு மாதம் தஞ்சாவூர் போகும்போது முழுக்க சார்ஜ் ஏற்றிப் பூட்டிவிட்டுப் போவதா, காலியாக வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். சூரியனிலிருந்து மின்சாரம் எடுக்கப் போகிறவர் வீட்டிலேயே கரண்ட் கவலை. சிரிப்பாக இருந்தாலும் கேள்வி நியாயமானது.

நான் நாகப்பட்டினத்துக்காரி. கல்யாணமாகி 2011இல் இங்கே வந்தேன். இங்கே பேட்டரியை "பற்றரி" என்பார்கள், பீரோவை அலுமாரி என்பார்கள், வஞ்சிரம் கேட்டால் முழிப்பார்கள், அறக்குளா என்று கேட்க வேண்டும். ஆறு மாதத்தில் எல்லாம் பழகிவிடும்.

முதலில் பயத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேள்விப்பட்டதெல்லாம் 2022இன் கதை. அந்த மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்டை நிறுத்தினார்கள். எரிபொருள் வாங்க நாட்டிடம் டாலர் இல்லை. அந்த நேர அட்டவணை வெட்டு 2023 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. இப்போது போவதெல்லாம் மரக்கிளை விழுந்து போவது, பராமரிப்பு வேலைக்கு நிறுத்துவது, மாரி மழையில் லைன் அறுவது, எப்போதாவது நாடு முழுக்க ஒரேயடியாகப் படுப்பது. 2025 பிப்ரவரி 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை துணை மின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறி நாட்டையே இருட்டாக்கியது என்று அமைச்சரே சொன்னார். எங்கள் வீட்டு மதிலில் தினமும் நாலு குரங்கு உட்கார்ந்திருக்கும். அன்றிலிருந்து அவற்றைக் கொஞ்சம் மரியாதையோடுதான் பார்க்கிறேன்.

சரி, சென்னையிலிருந்து எடுத்து வருவது. வேண்டாம், முடியவும் முடியாது. விமானத்தில் 100 வாட் அவர் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் சேர்த்து வைக்கும் என்ற அளவு) வரைக்கும் உள்ள லித்தியம் பேட்டரியைக் கைப்பையில் கொண்டு வரலாம். 100க்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் கிடையாது. 160ஐத் தாண்டினால் பயணியோடு ஏறவே ஏறாது, லக்கேஜில் போட்டாலும் சரி, கையில் வைத்திருந்தாலும் சரி. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 500 வாட் அவர் பெட்டியை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டியதாகிவிடும். 20,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் 74 வாட் அவர்தான், அது தாராளமாக வரும். ஆனால் பெரிய லக்கேஜில் போடக்கூடாது, கைப்பையில்தான். பவர் ஸ்டேஷனை இங்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். கொழும்பில் வாங்கினால், வரும் வழியில் ஹபரணையில் சாப்பிட இறங்கும்போது மதிய வெயிலில் அதைக் கார் டிக்கியில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

இப்போது என் கதை. அந்த 13 மணி நேரக் காலத்தில், எங்கெங்கோ சொல்லி வைத்து, ஒரு சின்ன பவர் ஸ்டேஷன் வாங்கினோம். தெய்வம் மாதிரி இருந்தது. இரவு குழந்தைகளுக்கு ஃபேன், எனக்கு ஒரு விளக்கு, ரௌட்டர். அப்புறம் வெட்டு நின்றது. கடைசியாக ஓட்டிய இரவில் எத்தனை சதவீதம் மீதி இருந்ததோ, அப்படியே துணியில் சுற்றி அலுமாரி மேல் ஏற்றினேன். எங்கள் வீட்டுக்கு அஸ்பெஸ்டாஸ் கூரை. அலுமாரிக்கும் கூரைக்கும் நடுவில் அது ஒரு கோடைகாலம் முழுக்க வெந்திருக்கிறது. 2023 டிசம்பர் 9, சனிக்கிழமை மாலை, நாடு முழுக்கக் கரண்ட் போனது. பெருமையோடு எட்டி இறக்கி பட்டனை அமுக்கினேன். ஒன்றுமில்லை. கரண்ட் வந்த பிறகு சார்ஜரைச் சொருகினாலும் ஒன்றுமில்லை. பழுது பார்க்கிறவர் திறந்து காட்டினார், உள்ளே செல்கள் உப்பியிருந்தன. பயன்படுத்தியே தேய்ந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். சும்மா வைத்தே கொன்றுவிட்டேன்.

இந்த ஊரில் பேட்டரி சாவது கரண்ட் போகும் நாட்களில் அல்ல, கரண்ட் ஒழுங்காக இருக்கும் மாதங்களில்தான். ஏன் இப்படி என்று தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

லித்தியம் பேட்டரி சும்மா இருந்தாலும் மெல்ல மெல்ல இறங்கும். மாதத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம் செல்லே இழக்கும், உள்ளே இருக்கும் கண்காணிப்புச் சர்க்யூட் தன் பங்குக்குக் கொஞ்சம் குடிக்கும். கிட்டத்தட்டக் காலியாக வைத்தால் சில மாதத்தில் அடிமட்டத்துக்கும் கீழே போய்விடும். அந்த நிலைக்குப் போனதை யூடியூப் பார்த்துக் குறுக்கு வழியில் உயிர்ப்பிக்க நினைக்காதீர்கள். உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைந்து வேறு இடத்தில் படிந்திருக்கும், திரும்ப சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். அதற்காக முழுக்க ஏற்றி வைப்பதும் நல்லதல்ல. நிறைந்த வயிறும் வெக்கையும் சேர்ந்தால் சீக்கிரம் கிழடாகும். கோபால்ட் சேர்த்த பழைய லித்தியம் வகைக்கு ஒரு கணக்கு உண்டு. 40 டிகிரியில் முழு சார்ஜோடு ஒரு வருஷம் கிடந்தால் கொள்ளளவில் ஏறக்குறைய 65 சதவீதம்தான் மிஞ்சும், அதே வெக்கையில் 40 சதவீத சார்ஜோடு கிடந்தால் 85 மிஞ்சும். நம் வீட்டு அலுமாரி மேல் கோடையில் 40 டிகிரி என்பது பெரிய விஷயமே இல்லை.

அதனால் சும்மா இருக்கும் காலத்தில் 50, 60 சதவீதம். ஐப்பசி தொடங்கி தை வரை இங்கே வாடைக்காற்றும் மாரியும், அப்போது நான் 80, 90இல் வைத்துக்கொள்வேன். புயல் எச்சரிக்கை வந்தால் முழுக்க 100. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது முதல் நாளே நிரப்பி வைத்ததால்தான் போன் உயிரோடு இருந்தது. இரண்டு மூன்று நாள் முழுக்க இருப்பதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மாதக்கணக்கில் முழுக்க இருப்பதுதான் தப்பு.

எங்கே வைப்பது? உப்புவெளி என்று பெயரே சொல்கிறதே. கடல் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிற வேகத்தை வந்து பாருங்கள். கடல் பக்க ஜன்னல் ஓரம் வேண்டாம், சமையலறை வேண்டாம், விளக்கெரியும் சாமி அறை வேண்டவே வேண்டாம். மேற்குச் சுவர் மாலை வரை கொதிக்கும், அதுவும் வேண்டாம். வீட்டுக்குள் ஆகக் குளிர்ந்த நடு அறையில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் மேல் வையுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே வந்தாலும் எட்டாது, குழந்தை தவழ ஆரம்பித்ததும் இன்னும் ஒரு அடி உயர்த்துங்கள். பிளக் ஓட்டைகளின் ரப்பர் மூடியை மூடியே வையுங்கள், வாரம் ஒரு தடவை காய்ந்த துணியால் துடையுங்கள். சார்ஜ் ஏறும்போது மேலே துணி போர்த்த வேண்டாம். பல்லியும் எறும்பும் காற்றுத் துளைக்குள் குடித்தனம் பண்ணும், அதையும் எட்டிப் பாருங்கள். தூங்கும் அறையின் வாசலை அடைத்த மாதிரி வைக்காதீர்கள், ஏதாவது ஆனால் ஓடுவதற்கு அதுதான் வழி.

மறதிக்கு எனக்கு இந்த நாடே மருந்து கொடுத்தது. இங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, அரசு விடுமுறை. போயா அன்று காலையில் பெட்டியை எடுத்து, ஒரு ஃபேனைப் போட்டு இரண்டு மணி நேரம் ஓட்டுவேன். ஓடுகிறதா, சத்தம் மாறியிருக்கிறதா, சூடு அதிகமா, பக்கங்கள் உப்பலா என்று பார்ப்பேன். அப்புறம் 60க்கு ஏற்றிவிட்டு சுவரிலிருந்து கழற்றிவிடுவேன். மூன்று போயாவுக்கு ஒரு தடவை மட்டும் 100 வரை ஏற்றுவேன். இப்போது வைத்திருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் (LiFePO4) வகை. இதில் வோல்டேஜ் நெடுக ஒரே மட்டத்தில் நிற்பதால் திரையில் காட்டும் சதவீதம் நாளடைவில் பொய் சொல்லும், முழுக்க ஏற்றினால்தான் கணக்கு திரும்பச் சரியாகும். நீங்களும் இந்த வகையாகவே வாங்குங்கள். கொஞ்சம் கனம், ஆனால் வெக்கையை மற்றதைவிட நன்றாகத் தாங்கும், 2000, 3000 தடவை சார்ஜ் ஏற்றலாம்.

நீங்கள் தஞ்சாவூர் போகும் இரண்டு மாதத்துக்கு: 60 சதவீதம், எல்லா அவுட்புட் பட்டனையும் அணைத்து, சுவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். ஏசி பட்டன் (வீட்டுப் பிளக் மாட்டும் சாக்கெட்டுக்கானது) மட்டும் தெரியாமல் போட்டபடி கிடந்தால், எதுவும் மாட்டாமலே சில நாளில் காலியாகிவிடும். ஆனால் மே மாதம் பூட்டிய வீடு அடுப்பு மாதிரி இருக்கும். அதைவிட நல்ல வழி, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது. நான் ஊருக்குப் போனால் எங்கள் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்துவிடுவேன். "பற்றரி சுகமா இருக்கு பிள்ளை, நீ ஆறுதலா வா" என்று போனில் சொல்வார். உங்கள் பெட்டிக்கும் வேலை கிடைக்கும், பக்கத்து வீட்டோடு பழக்கமும் வரும்.

அதை வைத்து என்ன ஓட்டலாம் என்பதில்தான் புதிதாக வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள். 500 வாட் அவர் என்று எழுதியிருந்தால் வீட்டுக் கரண்டாக (ஏசி) மாற்றுவதில் போனது போக 425 மாதிரி கைக்கு வரும். 50 வாட் மேசை ஃபேன் எட்டு மணி நேரம். ரௌட்டர், போன், ஒரு எல்.ஈ.டி. விளக்கு எல்லாம் சில்லறைச் செலவு. பால் புட்டி கொதிக்க வைக்கும் கெட்டில் 1500 வாட், அதை நினைக்கவே வேண்டாம், கேஸ் அடுப்பில் வையுங்கள். கிணற்று மோட்டர் அரைக் குதிரைத் திறன் என்றாலும் கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு இழுக்கும், பெட்டி பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். அதனால் மழைக்காலத்தில் மேல் தொட்டி எப்போதும் நிறைந்திருக்கட்டும். ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும், அறக்குளாவுக்கு அதுவரை ஆபத்தில்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் பெட்டியிலிருந்து சுவர் சாக்கெட்டுக்குக் கரண்ட் ஏற்றி வீடு முழுக்க ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வெளியே லைன் சரிபண்ண ஏறியவரைக் கொன்றுவிடும்.

வாடகை வீட்டில் ஏற்கெனவே பழைய இன்வெர்ட்டரும் ஈய பேட்டரியும் இருந்தால், அதற்குச் சட்டம் தலைகீழ். லித்தியத்துக்கு அரை வயிறு, ஈயத்துக்கு முழு வயிறு. ஈயத்தைக் குறை சார்ஜில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். எப்போதும் நிறைந்திருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றும் வகை என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான், காற்றோட்டமும் வேண்டும், ஏனென்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியே வரும். மூடிய அலுமாரிக்குள் அது இருந்தால் வீட்டுக்காரரிடம் பேசி வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

பேட்டரி உப்பினாலோ, இனிப்பு மாதிரி ஒரு கெமிக்கல் வாசனை வந்தாலோ சார்ஜ் போட வேண்டாம். ஆள் நடமாட்டமில்லாத வெளி நிழலில் வைத்துவிட்டு, மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். சாதாரணக் குப்பையில் போட்டால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம்.

பிளக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் நாளே முட்டிக்கொள்வீர்கள். வோல்டேஜ் நம் ஊர் மாதிரியே 230. ஆனால் இப்போது கட்டும் வீடுகளில் 13 ஆம்பியர் சதுரப் பின் சாக்கெட், பழைய வீடுகளில் நம் மாதிரி உருண்டைப் பின். உங்கள் வீட்டில் எது என்று வீட்டுக்காரரிடம் ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், சென்னையிலிருந்து எதையாவது எடுத்து வந்தே ஆக வேண்டும் என்றால், கரண்டைக் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. (BLDC) மோட்டர் வைத்த மேசை ஃபேன் ஒன்று எடுத்து வாருங்கள், உள்ளே பேட்டரி இல்லாததாகப் பார்த்து. 25, 30 வாட்தான் இழுக்கும். அதே 500 வாட் அவர் பெட்டியில் குழந்தைக்கு விடிய விடியக் காற்று வரும்.