காட்டில் மூலிகை, பெட்டியில் வெறுமை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க விடுதலைப் போரின் ராணுவ மருத்துவமனைகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். 1776 ஆகஸ்டில் நியூயார்க் பகுதியின் ஜார்ஜ் கோட்டையிலிருந்து மருத்துவர் ஜோனதன் பாட்ஸ் அனுப்பிய கடிதத்தை அதில் சுருக்கித் தந்திருந்தீர்கள். ஆயிரம் நோயாளிகளுக்கு மேல் கொட்டகைகளில் அடைந்து கிடக்கிறார்கள், மருந்துக்கடையில் ஒரு குன்றிமணி அளவுகூட மருந்தில்லை என்று அவர் எழுதிய பகுதி என்னைத் தூங்கவிடவில்லை.

நான் சித்த மருத்துவ மாணவன். கோட்டையைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் காடு. அந்தக் காட்டின் மூலிகைகளை அறிந்த பூர்வகுடிகளும் அங்கே இருந்தார்கள். பிறகு ஏன் மருந்துத் தட்டுப்பாடு? மேலை மருத்துவர்களின் மனத்தடைதான் காரணமா? மருந்து மட்டும் கிடைத்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்களா? ஒரு படைக்கு எவ்வளவு மருந்து தேவைப்படும் என்று கணக்கோடு விளக்க முடியுமா?

அன்புடன்,
சித்த மருத்துவ மாணவர் ஒருவர்

---

அன்புள்ள நண்பருக்கு,

மனத்தடை காரணமில்லை. அந்த மருத்துவர்கள் மாற்று மருந்து தேடாமல் இருக்கவில்லை. பதிலிகளைத் தேடித் தேடி எங்கள் கற்பனையே வற்றிவிட்டது என்று பாட்ஸ் அதே கடிதத்தில் சொல்கிறார். அவரிடம் அப்போது இருந்தவர்கள் 4 அறுவை மருத்துவர்கள், 4 உதவியாளர்கள். கனடாப் படையெடுப்பு தோற்றுத் திரும்பிய படை அது. பெரியம்மை, சீதபேதி, காய்ச்சல் மூன்றும் ஒரே கொட்டகையில் இருந்தன.

இல்லாதவை என்று அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டவை ஜாலப், இபிகாக், சின்கோனாப் பட்டை, பேதி உப்புகள், அபின். உங்கள் கேள்விக்கு விடை இந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. ஐந்தும் ஒரே தரத்து மருந்துகள் அல்ல.

ஜாலப் ஒரு பேதிக் கிழங்கு. பேதிக்கு மாற்று எந்தக் காட்டிலும் கிடைக்கும், அங்கும் கிடைத்தது. பட்டர்நட் என்னும் வாதுமை இன மரத்தின் வேர்ப்பட்டை அந்த வேலையை நன்றாகவே செய்தது. இபிகாக் வாந்தி மருந்து. அதற்கும் ஒருவாறு ஈடு காணலாம். ஆனால் மலேரியாவுக்குக் கொடுக்கும் சின்கோனாவுக்கு அந்தக் காட்டில் மாற்றே கிடையாது. டாக்வுட் என்ற மரத்தின் பட்டையைப் பயன்படுத்தினார்கள். அதே கசப்பு, அதே துவர்ப்பு. நாக்குக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் மலேரியாக் கிருமிக்குத் தெரியும். சின்கோனாவில் உள்ள குயினைன் டாக்வுட்டில் இல்லை. இங்கிலாந்தில் எட்வர்ட் ஸ்டோன் 1763இல் வில்லோ பட்டையைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு எழுதியதும் இதே கசப்பைப் பிடித்துக்கொண்டு போன தேடல்தான். வில்லோ காய்ச்சலைத் தணிக்கும், மலேரியா என்ற முறைச்சுரத்தின் வேரை அறுக்காது. அபினுக்கும் இதே நிலைதான். வயிற்றுக் கடுப்பையும் வெட்டுக்காய வலியையும் ஒருசேர அடக்கும் பொருள் வேறு எதுவும் அவர்கள் கையில் இல்லை.

இனி நீங்கள் கேட்ட கணக்கு. அக்கால மருந்துக்கடை நிறுவையில் 20 கிரெய்ன் ஒரு ஸ்குரூப்பிள், 3 ஸ்குரூப்பிள் ஒரு டிராம், 8 டிராம் ஒரு அவுன்ஸ், 12 அவுன்ஸ் ஒரு பவுண்டு. ஒரு கிரெய்ன் ஏறத்தாழ அரைக் குன்றிமணி எடை. முறைச்சுரக்காரனுக்குச் சுரம் விட்டிருக்கும் இடைவேளையில் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு டிராம் சின்கோனாப் பட்டைத்தூளை ஒயினில் கலக்கித் தருவார்கள். அடுத்த சுரத்தைத் தடுக்கவே ஓர் அவுன்ஸ் ஆகிவிடும். திரும்ப வராமலிருக்க இன்னும் ஓர் அவுன்ஸாவது வேண்டும். 100 பேருக்கு 200 அவுன்ஸ், அதாவது 6 கிலோவுக்கு மேல். அதே 100 பேருக்கு இரவுக்கு ஒரு கிரெய்ன் வீதம் 10 நாள் அபின் கொடுத்தால் மொத்தம் 1000 கிரெய்ன், 65 கிராம்தான்! ஒருவர் சட்டைப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்துவிடலாம். பட்டைக்கோ மூட்டையும் வண்டியும் வேண்டும். சுரப் பருவம் தொடங்கினால் முதலில் தீர்வது பட்டைதான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. வணிகர் விற்கும் பவுண்டு 454 கிராம், மருந்துக்கடைப் பவுண்டு 373 கிராம். மொத்தமாக வாங்குவது ஒன்றில், பிரித்துக் கொடுப்பது மற்றொன்றில். எந்தப் பவுண்டு என்று குறிக்காமல் எழுதிய இருப்புக் கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போனதாகவோ கூடியதாகவோ தெரியும்.

பட்டையைத் தூளாக வாங்குவதும் ஆபத்து. தூளில் எந்த மரப்பட்டையையும் கலந்துவிடலாம். சுருள் சுருளாக இருக்கும் முழுப்பட்டையை வாங்கி, தாமே இடித்துச் சலித்துக்கொள்பவர்தான் தப்புவார். அது நார்ப்பட்டை, சாதாரணக் கல்வத்தில் மசியாது. கனமான இரும்பு உரலும் மெல்லிய சல்லடையும் வேண்டும். தூள் கொரகொரவென்று இருந்தால் வயிறு ஏற்காது, வாந்தியோ பேதியோ ஆகும். பேதியானால் கொடுத்த மருந்தெல்லாம் வீண். அதனால் சில துளி அபின் கரைசலைச் சேர்ப்பார்கள். அபினும் இல்லாத இடத்தில் இருக்கிற பட்டையும் பாதி பயன்தான் தரும்.

எளிதாகக் கிடைக்கும் பட்டர்நட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கோடை தொடங்கும்போது வேரின் உட்பட்டையை உரிக்க வேண்டும். அதை நீரில் நெடுநேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, வடித்த நீரை மறுபடி சிறுதீயில் சுண்டவைத்து, குழம்பாக இறுகியதும் உருட்ட வேண்டும். பேதிக்கு 20 முதல் 30 கிரெய்ன் போதும். கடைசி அரைமணி நேரம்தான் கண்டம். கிளறும் கை நின்றால் அடிப்பிடித்துக் கரியாகிவிடும். இரும்புக் கொப்பரையில் காய்ச்சினால் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கன்னங்கரேலென்று மாறும். லேகியம் கிண்டிப் பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 4 மருத்துவர்களும் 4 உதவியாளர்களும் ஆயிரம் பேரைப் பார்த்துக்கொண்டு, விறகு வெட்டி, கொப்பரை தேடி, வேர் தோண்டி இதைச் செய்ய வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். காட்டில் இருப்பது மூலிகை. அது மருந்தாக மாற ஆளும் பாத்திரமும் நாளும் வேண்டும்.

இந்த ஆட்கணக்கைப் போரின் தொடக்கத்திலேயே தவறவிட்டார்கள். 1775 ஜூலை 27 அன்று அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவையான காங்கிரஸ் ராணுவ மருத்துவமனையை அமைத்தபோது 20,000 பேர் கொண்ட படைக்கு ஒதுக்கிய மருந்தாளுநர் ஒரே ஒருவர். 10 நோயாளிக்கு ஒரு செவிலி என்று கணக்குப் போட்டவர்களுக்கு, மருந்து இடிப்பதும் ஓர் ஆளின் முழுநாள் வேலை என்று தோன்றவில்லை.

சரக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். ஜாலப் கிழங்கு விளைந்தது மெக்சிகோவில். பெயரே ஹலாப்பா என்ற ஊரிலிருந்து வந்ததுதான். பிலடெல்பியாவுக்கு லண்டனைவிட மெக்சிகோதான் அருகில். ஆனாலும் அந்தக் கிழங்கு ஸ்பெயினின் துறைமுகத்துக்குப் போய், லண்டன் மொத்த வணிகர் கைக்கு மாறி, மறுபடி அட்லாண்டிக்கைக் கடந்துதான் பிலடெல்பியா கடைக்கு வரும். பெருவின் சின்கோனாவுக்கும் இதே சுற்றுவழி. துருக்கி அபினும் கீழை நாட்டுக் கற்பூரமும் லண்டன் வழியாகவே வந்தன. குடியேற்ற நாட்டின் வணிகம் அப்படி அமைக்கப்பட்டிருந்தது. யாரிடம் மருந்து வாங்கினார்களோ அவர்களோடேயே போர் மூண்டது.

ஆகவே கிடைத்த இடத்திலெல்லாம் எடுத்தார்கள். 1776 மார்ச் 17 அன்று பிரிட்டிஷ் படை பாஸ்டனைவிட்டுக் கப்பலேறியது. மன்னர் பக்கம் நின்ற சில்வெஸ்டர் கார்டினர் என்ற பெரும் மருந்து வணிகரும் போய்விட்டார். அவர் விட்டுச்சென்ற சரக்கு ராணுவ மருத்துவமனைக்குப் போனது. பிரிட்டிஷ் மருத்துவமனையிலும் மருந்துகள் கிடந்தன. அவற்றைப் பார்வையிட்ட மருத்துவர் ஜான் வாரன், அவற்றில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பாஷாணம் (ஆர்சனிக்) கலந்திருந்ததாக உறுதிமொழி கொடுத்தார். 12 முதல் 14 பவுண்டு பாஷாணம் பொறுக்கி எடுக்கப்பட்டது. வெள்ளைப் பாஷாணத்துக்கு மணமில்லை. தூள் மருந்தில் கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரித்தறிவதும் கடினம். சந்தேகம் விழுந்த ஜாடி எவ்வளவு நிறைந்திருந்தாலும் காலி ஜாடிதான். கடலில் பிடிபட்ட பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களிலிருந்தும் மருந்து வந்தது. ஆனால் அதில் என்ன இருக்கும், எப்போது வரும் என்று யாராலும் திட்டமிட முடியாது. பட்டை வேண்டியிருக்கும்போது வேறு ஏதாவது வந்து சேரும்.

வந்த சரக்கைப் பங்கிடுவதிலும் பெரும் சண்டை. தலைமை மருத்துவர் ஜான் மார்கன் பொது மருத்துவமனைக்கென்று மருந்து சேர்த்தார். படைப்பிரிவு மருத்துவர்கள் எங்களுக்கும் கொடு என்றார்கள். உங்களுக்குக் கொடுக்கக் காங்கிரஸ் எனக்கு உத்தரவு தரவில்லை என்றார் அவர். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. குற்றம் உத்தரவை எழுதியவர்களுடையது என்பது என் எண்ணம். அப்போது 15 படைப்பிரிவுகளின் மருத்துவக் கருவிகளைக் கணக்கெடுத்தார்கள். உறுப்பு நீக்கும் கருவித் தொகுதி 6, மண்டையோடு துளைக்கும் தொகுதி 2, எல்லோருக்கும் சேர்த்துக் கடற்பஞ்சு 2 அவுன்ஸ்! புண்ணைக் கழுவ ஒரு படைப்பிரிவுக்கு ஏறத்தாழ 4 கிராம் பஞ்சுதான் சேரும். 1777 ஜனவரியில் மார்கனைப் பதவி நீக்கினார்கள். அதனால் மருந்து ஒன்றும் கூடிவிடவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பர் 26 அன்று பிலடெல்பியா பிரிட்டிஷ் படையிடம் விழுந்தது. படைப்பிரிவுகளுக்கு மருந்துப்பெட்டி தயாரித்துக் கொடுத்துவந்த மார்ஷல் கடை இருந்த நகரம் அது. நகரத்தோடு கடைகளும் கண்ணாடிக் குப்பிகளும் போயின. குப்பி சிறிய விஷயமில்லை. கற்பூரமும் அம்மோனியா உப்பும் காகிதப் பொட்டலத்தில் வைத்தால் காற்றோடு போய்விடும். அமிலத்துக்கும் கண்ணாடிதான் ஏற்ற பாத்திரம். பென்சில்வேனியாவில் மான்ஹைமில் இருந்த ஸ்டீகலின் கண்ணாடித் தொழிற்சாலை கடனில் மூழ்கி 1774லேயே மூடப்பட்டிருந்தது. இன்னும் சில ஆண்டுகள் தாக்குப்பிடித்திருந்தால் பக்கத்திலிருந்த லிடிட்ஸ் என்ற ஊரின் ராணுவ மருத்துவமனைக்கே அது குப்பி கொடுத்திருக்கலாம்.

கந்தகமும் வெடியுப்பும் தனிக் கதை. சொறிசிரங்குக்குக் கந்தகத்தைப் பன்றிக்கொழுப்பில் குழைத்துப் பூச வேண்டும். சுரச்சூட்டுக்கு வெடியுப்பு கொடுப்பார்கள். இரண்டும் துப்பாக்கி மருந்துக்கும் வேண்டியவை. மருத்துவரும் வெடிமருந்துக்காரரும் ஒரே மூட்டைக்குக் கைநீட்டினார்கள்.

மருந்து கிடைத்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அந்தக் கால மருந்துப்பெட்டியில் பல மருந்துகள் பேதியையும் வாந்தியையும் உண்டாக்குபவை. ரத்தமும் சீதமுமாகப் போய் உடலில் நீரே வற்றியவனுக்கு ஜாலப்பும், கலோமெல் என்ற பாதரச உப்பும் கொடுத்தால் அவன் இன்னும் சீக்கிரம் போவான். பட்டை, அபின், கந்தகம் இம்மூன்றின் குறைதான் உண்மையில் வதைத்தது. கொட்டகை நெரிசலால் பரவிய டைபஸுக்கு எந்தப் பெட்டியிலும் மருந்தில்லை. பெரியம்மைக்கும் மருந்தில்லை. ஆனால் அம்மைப்பால் குத்தும் முறை இருந்தது. 1777 பிப்ரவரியில் படை முழுவதற்கும் குத்தச் சொல்லி வாஷிங்டன் உத்தரவிட்டார். அதற்கு முக்கியமாக வேண்டியவை ஒரு கத்திமுனை, கொஞ்சம் அம்மைச்சீழ், குத்தியவர்களைத் தனியே வைக்க இடம். அந்தப் போரில் எடுக்கப்பட்ட மருத்துவ முடிவுகளில் இதுவே மிகச் சிறந்தது என்று உறுதியாகச் சொல்வேன். ஓராண்டு முன்னால் எடுத்திருந்தால் ஜார்ஜ் கோட்டைக் கொட்டகைகளில் பாதி காலியாக இருந்திருக்கும்.

மருந்துத் துறைத் தலைவர் ஆண்ட்ரூ கிரேகி பின்னாளில் கார்லைல் என்ற ஊரில் மருந்து தயாரிக்கும் கூடத்தையும் கிடங்கையும் நடத்தினார். ஆனால் 1780 மார்ச்சில் காங்கிரஸே தன் 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று மதிப்பைக் குறைத்த பிறகு, அந்தக் காகிதத்துக்குப் பட்டை விற்க எந்த வணிகர் முன்வருவார்?

உங்கள் படிப்புக்கு ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். லிடிட்ஸ் மருத்துவமனையில் மருத்துவர் வில்லியம் பிரவுன் 1778 மார்ச் 12 தேதியிட்டு ஒரு மருந்து முறை நூலைத் தொகுத்தார். 32 பக்கம், லத்தீன். உள்மருந்து 84, வெளிப்பூச்சு முதலியவை 16. நம் இன்றைய இல்லாமைக்கும் நெருக்கடிக்கும் ஏற்ப அமைத்தது என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறார். சில மருந்துகளுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அவற்றை மையக்கூடத்தில் மொத்தமாகத் தயாரிக்க வேண்டும், மற்றவற்றை அந்தந்த மருத்துவமனையிலேயே தேவைக்கேற்பக் கலந்துகொள்ளலாம் என்று பொருள். எதற்குப் பெரிய கொப்பரையும் தேர்ந்த கையும் வேண்டும், எதை நோயாளியின் பக்கத்திலேயே கலக்கலாம் என்று அவர் பிரித்த விதம் அது. லத்தீனுக்குப் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் பொருளின் பெயரும் எடையும்தான். முதல் வாசிப்பில் நட்சத்திரம் போட்டவற்றை மட்டும் தனியே எழுதிக்கொண்டு, அவை ஒவ்வொன்றுக்கும் என்னென்ன பாத்திரம், எத்தனை நாள் என்று உங்கள் செய்முறை வகுப்பு அனுபவத்தில் குறித்துப் பாருங்கள். குறித்ததை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.